டென்னிஸ் பந்து நுழைகிறதா? அந்தத் தொட்டில் வேண்டாம்!

கடன் வாங்கித் தேக்குக் கட்டில் எதற்கு? குறைந்த செலவில் குழந்தையைப் பத்திரமாகத் தூங்க வைக்கலாம்

சென்னை,

பிள்ளை பிறந்து பதினோராம் நாள். வீடு முழுக்கக் கூட்டம். தாய்மாமன் தொட்டிலோடு வரவேண்டும். வராவிட்டால் சும்மா விடுவார்களா?

"உங்க அண்ணன் வெறுங்கையோடவா வந்தாரு?" என்று நாத்தனார் கேட்பாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, வட்டிக்குக் கடன் வாங்கியாவது தேக்கு மரத் தொட்டிலை வண்டியில் ஏற்றும் அண்ணன்மார்கள் இந்தப் பட்டணத்தில் எத்தனையோ பேர்!

தொட்டில் வந்துவிடுகிறது. பிறகு? குழந்தை அம்மாவின் பக்கத்தில் பாயில் தூங்குகிறது. பகலில் சேலைத் தூளியில் ஆடுகிறது. தேக்குத் தொட்டிலில் துவைத்த துணிகள் மலை போல் குவிந்து கிடக்கின்றன.

இன்னொரு கூத்தும் உண்டு. பிரசவம் நடப்பது தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ, ஐந்தாம் மாதமோதான் குழந்தையும் தாயும் புருஷன் வீட்டுக்கு வருகிறார்கள். தாய் வீட்டில் இறக்கிய கட்டிலைப் பிரித்து, மறுபடி வண்டி பிடித்து, மறுபடி பூட்ட வேண்டும். இதில் இரண்டு போல்ட்டு காணாமல் போகும். காணாமல் போன அந்த போல்ட்டுதான் ஆபத்து!

கையில் 5 ஆயிரம்

பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. குரோம்பேட்டையில் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீடு. தலைப்பிள்ளை பிறந்திருக்கிறது. கையில் இருப்பது 5 ஆயிரம் ரூபாய். இப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம்.

"ஏங்க, குழந்தைக்கு ஒரு கட்டில் பாருங்களேன்" என்கிறாள் மனைவி.

பெரிய கடைக்குப் போகிறார். பளபளவென்று வார்னிஷ் போட்ட கட்டில். அதன் மேலே குட்டித் தலையணை, இரண்டு பக்கமும் உருட்டுத் தலையணை, கம்பியைச் சுற்றிப் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைத் தடுப்பு, வழுவழுப்பான ரஜாய். "எல்லாம் சேர்த்து ஒரே செட்டு சார்!" என்கிறார் விற்பனையாளர். விலையைக் கேட்டதும் குமாஸ்தாவுக்குத் தலை சுற்றுகிறது.

அவர் வருத்தப்பட வேண்டியதே இல்லை. அந்தச் செட்டில் முக்கால்வாசிப் பொருள், கைக்குழந்தையின் படுக்கையில் இருக்கவே கூடாதது!

முதல் ஒரு வருஷம் குழந்தைக்குத் தலையணை வேண்டாம், கனத்த போர்வை வேண்டாம், பொம்மை வேண்டாம், பஞ்சுத் தடுப்பும் வேண்டாம் என்கிறார்கள் குழந்தை டாக்டர்கள். மூக்கில் மெத்தென்று ஏதாவது அழுந்தினால், தள்ளிவிட்டுத் திரும்பிப் படுக்கக் கைக்குழந்தைக்குத் தெம்பு கிடையாது. சத்தம் கூட வராது. கம்பியைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பை விற்கவே கூடாது என்று அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அது அலங்காரமாகக் கடையில் தொங்குகிறது.

"அப்போ கடுகுத் தலையணை? தலை உருண்டையா வர வேணாமா?" என்று பாட்டி சண்டைக்கு வருவார். பாட்டி சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரே பக்கமாகப் படுத்தால் மண்டை தட்டையாகும். அதற்கு வழி, குழந்தை விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு சற்று நேரம் குப்புறப் போடுவது. தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் போட வேண்டும். இங்கிலாந்தில் 1991-லும், அமெரிக்காவில் 1994-லும் இதை ஊர் முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது, அதற்குப் பிறகு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

மெத்தையில் கஞ்சத்தனம் கூடாது

கையில் உள்ள பணத்தில் முதல் பங்கு மெத்தைக்குத்தான். கட்டில் பழசாக இருக்கலாம். மெத்தை புதுசாக இருக்கட்டும்.

எந்த மெத்தை? இலவம் பஞ்சு என்றால் நம் வீடுகளில் தனி மரியாதை. போடிநாயக்கனூர்ப் பக்கம் இருந்து வருகிறது. பெரியவர்களுக்குச் சுகம்தான். ஆனால் கைக்குழந்தைக்கு அந்த மெதுமெதுப்பே எதிரி. படுத்த இடம் பள்ளம் விழும், முகம் புதையும். நாளாக நாளாகப் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரளும்.

குறைந்த செலவில் கெட்டியாகக் கிடைப்பது ரப்பர் பால் கலந்து அழுத்திய தேங்காய் நார் மெத்தை. மெத்தைக் கடைகளில் அங்குலக் கணக்கில் அளவு சொன்னால் வெட்டி, உறை தைத்துக் கொடுப்பார்கள். கம்பெனி முத்திரைக்குத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை. நாலு அங்குல கனம் போதும். கனம் கூடினால் கம்பியின் உயரம் குறைந்துபோகும். எழுந்து நிற்கும் குழந்தை எட்டிக் குதிக்கும்!

உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் பள்ளம் மறைய வேண்டும். மறையாவிட்டால் அது வேறு யாருக்காவது!

கட்டிலை வாங்கிய பிறகுதான் மெத்தைக்கு அளவு எடுக்க வேண்டும். மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கவே கூடாது. அந்த இடுக்கில்தான் குழந்தையின் முகம் சிக்கும். மெத்தையின் மேலே ரப்பர் ஷீட், அதன் மேலே இறுக்கமாக ஒரு பருத்தித் துணி. அவ்வளவுதான் படுக்கை. சென்னைப் புழுக்கத்தில் மூத்திர ஈரம் உள்ளே இறங்கினால் நார் மெத்தை பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒரு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுக்க வேண்டும்.

சந்தையில் பழைய கட்டில்

இப்போது கட்டிலுக்கு வருவோம். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. மின்சார ரெயிலில் இறங்கி நடந்தே போகலாம். பழைய டிரங்க் ரோட்டில் நாற்காலி, பீரோ, கட்டில், தையல் மிஷின் என்று கிடைக்காத பழைய சாமான் இல்லை. ஒரு பிள்ளை தூங்கி வளர்ந்த கட்டில்களும் வந்து நிற்கும்.

சட்டைப்பையில் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொண்டு போங்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையனிடம் கேட்டால் கொடுப்பான். கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே அந்தப் பந்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வேண்டாம்!

ஏன் என்றால், இரண்டு கம்பிக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது அமெரிக்காவில் 1970-களிலேயே வந்த விதி. இடைவெளி அதிகம் இருந்தால் குழந்தையின் காலும் உடம்பும் வெளியே நழுவிவிடும், தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். டென்னிஸ் பந்து அதைவிட அரை சென்டிமீட்டர் போலப் பெரியது. டேப் இல்லாதவனுக்குப் பந்துதான் டேப்!

அடுத்தது, ஒரு பக்கம் ஏற்றி இறக்கும் கட்டில். குனியாமல் குழந்தையைத் தூக்கலாம் என்று பெண்களுக்கு இது பிடிக்கும். ஆனால் கொக்கி தேய்ந்துபோனால் பக்கச் சட்டம் பாதி கழன்று, அந்தச் சந்தில் குழந்தை சிக்கும். இப்படி அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு முதல் 10 வருஷத்தில் 32 குழந்தைகளாவது இறந்தன. 2011 ஜூன் முதல் அங்கே இந்த ரகக் கட்டிலைச் செய்யவும் விற்கவும் தடை. எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள்.

பெயிண்டையும் பாருங்கள். பல் முளைக்கும் பிள்ளை கம்பியைக் கடிக்காமல் இருக்காது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தியது, பெயிண்ட் உரிகிறது என்றால் விட்டுவிடுவதே நல்லது. வீட்டில் வைத்துச் சுரண்டினால் தூசியாகக் கிளம்பி இன்னும் கெடுதல்.

நாலு மூலையையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிரீச் என்றால் போல்ட்டு தளர்ந்திருக்கிறது. "அண்ணே, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, முறுக்கிட்டா சரியாப் போயிடும்" என்பார் விற்கிறவர். முறுக்கியும் ஆடினால் மரம் உளுத்திருக்கிறது என்று அர்த்தம். மூட்டைப்பூச்சி இருந்தால் வெயிலும் கொதிக்கும் வெந்நீரும் போதும். கட்டிலுக்கு மண்ணெண்ணெய் அடிக்கிற பழைய வழக்கம் வேண்டாம், மூச்சு முட்டும்.

கட்டிலே வாங்க முடியாவிட்டால்?

குடி முழுகிவிடாது. பின்லாந்து நாட்டில் 1938-ல் ஏழைத் தாய்மார்களுக்கு அரசாங்கமே ஒரு பெட்டி கொடுத்தது. குழந்தைத் துணிமணி நிறைந்த அட்டைப் பெட்டி. அடியில் சின்ன மெத்தை. துணியை எடுத்த பிறகு அந்தப் பெட்டியே தொட்டில்! 1949 முதல் ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லாமல் எல்லாத் தாய்மார்களுக்கும் உண்டு என்று ஆக்கினார்கள்.

தமிழ்நாட்டிலும் 2015-ல் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்கு 16 பொருட்கள் அடங்கிய பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். சோப்பு, எண்ணெயோடு சின்னப் படுக்கையும் கொசுவலையும் அதில் இருந்தன. ஆஸ்பத்திரி வாசல்களில் விற்கும் குடை மாதிரி விரியும் கொசுவலைப் படுக்கையும் கொசுவுக்கு நல்லதே. அதில் வரும் தலையணையை எடுத்துப் பரணில் போட்டுவிட வேண்டும்.

அதுவும் இல்லையா? தரையில் பாய், அதன் மேல் கெட்டியான சின்ன மெத்தை, பக்கத்திலேயே அம்மாவின் பாய். சோபாவில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கண் அசருவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

சேலைத் தூளி? அழுகிற பிள்ளையை அமர்த்த அதை மிஞ்சியது இல்லை. ஆனால் தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைப்படும். கண் பார்வையில் இருக்கும்வரை சரி, ராத்திரி முழுக்க வேண்டாம். குழந்தையை எடுத்ததும் சேலையைத் தூக்கி முடிச்சுப் போட்டுவிடுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்தி எத்தனை முறை வந்துவிட்டது!

நம் குமாஸ்தாவுக்கு அவசரம் இல்லை. மனைவியும் பிள்ளையும் மாமனார் வீட்டில் இருந்து வர இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே பல்லாவரம் போகலாம். பந்து, ஸ்பானர், வீட்டு வாசல்படியின் அகலத்தை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, இவை போதும். குட்டி யானை வண்டிக்காரரிடம் வாடகையைக் கட்டிலை ஏற்றும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.