பை நிறையச் சவரன், வயிற்றிலே பசி!

நவராத்திரி சமயம். உங்கள் பெண்ணை அழைத்துக்கொண்டு நாலு வீட்டுக் கொலுவுக்குப் போகிறீர்கள். "குழந்தை நாட்டியம் கற்றுக்கொள்கிறாளாமே! ஒரே ஒரு பாட்டுக்கு ஆடட்டுமே!" என்கிறாள் அந்த வீட்டு மாமி. அவளும் ஆடுகிறாள். "பேஷ், பேஷ்!" என்கிறார்கள் எல்லோரும். கையில் சுண்டல் பொட்டலமும் தாம்பூலமும் கிடைக்கின்றன. சந்தோஷமாக வீடு திரும்புகிறீர்கள். வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கிறது. அதனால்தான் அந்தச் சுண்டல் அத்தனை ருசிக்கிறது.

அந்தச் சாப்பாடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஆட்டம் ஒன்றையே நம்பித் தாயும் அக்காளும் அண்ணனும் காத்திருக்கிறார்கள். அப்போது அந்தச் சுண்டல் எப்படி இருக்கும்?

அப்படி ஆடியவள்தான் இஸடோரா டங்கன். மேல்நாட்டு நாட்டியத்தையே திசை திருப்பிய பெண் என்று உலகம் பின்னால் அவளைக் கொண்டாடியது. அந்தப் புகழுக்கு முன்னால், எந்தக் கம்பெனியிலும் நிலைக்காமல், வீடு வீடாக ஆடிப் பிழைத்த வருஷங்கள் இருந்தன. அவற்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கூடையும் குல்லாயும்

1877-ல் அமெரிக்காவில் ஸான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தாள் இஸடோரா. நாலு குழந்தைகளில் கடைக்குட்டி. தகப்பனாரின் பாங்கி முறிந்தது. தாய் தந்தையரின் மண வாழ்க்கையும் முறிந்தது. தாய் வீடு வீடாகப் போய்ப் பியானோ சொல்லிக் கொடுத்தும், கம்பளி பின்னி விற்றும் குழந்தைகளைக் காப்பாற்றினாள்.

ஒரு நாள், பின்னிய குல்லாய்களையும் கையுறைகளையும் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தாய் அழுதுகொண்டிருந்தாள். சிறுமி இஸடோரா ஒரு குல்லாயைத் தலையில் மாட்டிக்கொண்டாள், கையுறையையும் போட்டுக்கொண்டாள், கூடையோடு தெருவில் இறங்கினாள். கடைக்காரர் கொடுத்திருக்கக்கூடியதைப்போல் இரண்டு மடங்கு பணத்தோடு திரும்பி வந்தாள்!

ஆறு வயதிலேயே அண்டை வீட்டுக் குழந்தைகளை உட்கார வைத்துக் கைகளை அசைக்கச் சொல்லிக் கொடுத்தாளாம். "என்னடி இது?" என்று தாய் கேட்டதற்கு, "என் நாட்டியப் பள்ளிக்கூடம்" என்று பதில் வந்தது. தாய் பியானோ முன் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். இந்தக் கதையில் மறக்கக்கூடாதவள் அந்தத் தாய்.

ஒரு வாரம் தக்காளி

1895-ல் தாயும் மகளும் சிகாகோ நகருக்குப் புறப்பட்டார்கள். கையிலிருந்தது 25 டாலரும் பாட்டியின் பழைய நகைகளும்தான். நாடக முதலாளிகள் ஒவ்வொருவரையும் பார்த்து ஆடிக் காட்டினாள் இஸடோரா. "ரொம்ப அழகு, ஆனால் மேடைக்கு உதவாது" என்பதே எல்லோர் பதிலும். நகைகள் போயின. அறை வாடகையும் பாக்கி. கடைசியில், கழுத்தில் அணிந்திருந்த லேஸ் பட்டையைக் கழற்றிப் பத்து டாலருக்கு விற்றாள். வாடகை போக மிஞ்சியதற்கு ஒரு பெட்டி தக்காளி வாங்கினார்கள். ரொட்டியும் இல்லை, உப்பும் இல்லை. ஒரு வாரம் வெறும் தக்காளிதான் ஆகாரம். தாய் எழுந்து உட்காரக்கூட முடியாமல் துவண்டுவிட்டாளாம்.

அதன் பிறகுதான் ஒரு மாடித் தோட்டக் கொட்டகையின் மானேஜரிடம் போனாள். வாயில் பெரிய சுருட்டு அவருக்கு. "உன் நாட்டியம் இருக்கட்டும். கொசுவம் வைத்த பாவாடையும் காலை உயர வீசும் குதியாட்டமும் உண்டானால் சொல்லு" என்றார். தாயின் முகத்தை நினைத்துக்கொண்டு தலையசைத்தாள் இஸடோரா. வாரம் 50 டாலர் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தத்தை நீட்டிக்க அவர் முன்வந்தபோது, "போதும்" என்று சொல்லிவிட்டாள்.

பிறகு நியூயார்க்கில் அகஸ்டின் டேலி என்பவரின் பிரபல நாடகக் கம்பெனியில் சின்னச் சின்ன வேஷங்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் தேவதையாக வந்து தனியே ஆடினாள், சபை கைதட்டியது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் ஆடும்போது விளக்கை அணைத்துவிட்டார்களாம்! இருட்டில் எத்தனை நாள் ஆடுவது? கம்பெனியை விட்டு வெளியேறினாள்.

மாட்டுக் கப்பலில் சீமைக்கு

பணக்காரச் சீமாட்டிகளின் வீட்டுக் கூடங்களில் ஆடிக் காலம் தள்ளினாள். 1899 மார்ச்சில், அவர்கள் தங்கியிருந்த விண்ட்ஸர் ஹோட்டல் தீப்பற்றி எரிந்தது. உயிர் தப்பியது, உடைமை எல்லாம் போயிற்று. இனி லண்டன்தான் என்று தீர்மானித்தாள் இஸடோரா. கப்பல் கட்டணத்துக்குப் பணம் போதவில்லை. அண்ணன் ரேமண்ட், மாடுகளை ஏற்றிச் செல்லும் சிறு கப்பல் ஒன்றைக் கண்டுபிடித்தான். அந்த வாயில்லா ஜீவன்கள் வழியெல்லாம் கதறியதைக் கேட்டுத்தான் அவன் பிற்பாடு மாமிசத்தை விட்டானோ என்று தங்கை எழுதியிருக்கிறாள்.

லண்டனில் சில இரவுகள் பூங்கா பெஞ்சுகளில் கழிந்தன. பகலில் பிரிட்டிஷ் மியூசியம். பழைய கிரேக்க ஜாடிகளில் தீட்டியிருந்த நடனப் பெண்களை ரேமண்ட் வரைந்துகொள்வான். இஸடோரா அந்த நிலைகளை உடம்பில் வாங்கிக்கொள்வாள். கால் சட்டை இல்லை, இடுப்பை இறுக்கும் கச்சு இல்லை, விரல் நுனியில் நிற்க வைக்கும் ஜோடு இல்லை. நமக்கு வெறுங்காலோடு ஆடுவதில் ஆச்சரியமே இல்லை. அந்த ஊரிலோ அது அதிசயம்!

மெல்ல மெல்லப் பெரிய மாளிகைகளிலிருந்து அழைப்பு வந்தது. தாய் பியானோ வாசிப்பாள், மகள் ஆடுவாள். பிரபுக்கள் மெச்சினார்கள். பணம்? அதுதான் அபூர்வம். ஒரு தரும நிதிக்காக நாலு மணி நேரம் ஆடினாள். பட்டம் பெற்ற சீமாட்டி ஒருத்தி தன் கையாலேயே தேநீர் ஊற்றி, ஸ்ட்ராபெரிப் பழமும் பாலேடும் கொடுத்து உபசரித்தாள். பல நாள் அரை வயிற்றுக்கு அந்தப் பழமும் பாலேடும் வேதனையைத்தான் தந்தன. இன்னொரு சீமாட்டி, தங்கச் சவரன்கள் நிறைந்த பையைத் தூக்கிக் காட்டினாள்: பார்வையற்ற பெண்களின் விடுதிக்கு இவள் ஆட்டத்தால் எவ்வளவு சேர்ந்தது பார் என்று பெருமை!

தாயும் மகளும் வாய் திறக்கவில்லை. வறுமை தெரிந்தால் மதிப்புப் போய்விடுமே! சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நல்ல துணி வாங்கி உடுத்தினார்கள்.

சகோதரிகளே, அந்தச் சீமாட்டிகள் கெட்டவர்கள் அல்ல. கலை என்றால் அது சும்மா கிடைப்பது என்று எண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான். நன்றாக உடுத்தி வருகிறவளுக்குப் பசி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஆயிரம் மார்க் வேண்டாம்!

1900-ல் லண்டன் நியூ காலரியில் ஆடிப் பாராட்டுப் பெற்றபின், குடும்பம் பாரிஸ் போய்ச் சேர்ந்தது. அங்கும் தரித்திரம்தான். ஒரு நாள் ரோமக் கோட்டும் வைர மோதிரமுமாக ஒருவர் வந்தார். பெர்லின் நகரின் பெரிய கேளிக்கைக் கொட்டகைக்காரர். வெறுங்காலில் ஆடும் அதிசயப் பெண் என்று விளம்பரம் செய்யத் துடித்தார். இரவுக்கு 500 மார்க் என்றார்; 1,000 வரை ஏற்றினார். இஸடோரா மறுத்தாள். பெர்லினுக்கு வருவேன், ஆனால் வித்தை காட்டும் கொட்டகைக்கு அல்ல என்றாள்.

சிகாகோவில் தாய்க்காகத் தலையசைத்த அதே பெண்தான்! அன்று அது ஒரு வேளைச் சோறு. இன்று ஒப்புக்கொண்டால் ஆயுள் முழுவதும் அந்த ஆட்டம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

1902-ல் புடாபெஸ்ட் நகரில் முப்பது இரவுகளுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. கொட்டகை நிரம்பி வழிந்தது. பிறகு பெர்லினிலும், சொன்னபடியே, பில்ஹார்மானிக் வாத்திய கோஷ்டியோடு ஆடினாள். பூச்செண்டும் கையுமாக வந்து, நீ சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டவர் அந்த ரோமக் கோட்டுக்காரர்தான்! 1904-ல் பெர்லினுக்கருகே அவள் தொடங்கிய நாட்டியப் பள்ளியில் சிறுமிகளிடம் சம்பளம் வாங்கவில்லை. சோறும் துணியும் அவளே கொடுத்தாள்.

பின்னால் அவள் வாழ்வில் பெரும் துயரங்கள் நேர்ந்தன. 1913-ல் இரு குழந்தைகளையும் நதியில் பறிகொடுத்தாள். 1927-ல் கார் விபத்தில் தானும் மாண்டாள். இங்கே சொன்னவை பெரும்பாலும் அந்த ஆண்டு வெளியான அவளுடைய சுயசரிதையில் உள்ளவை. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் பசியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் மெருகு ஏற்றுவதில்லை.

அடுத்த நவராத்திரியில் உங்கள் வீட்டுக்கு ஒரு பெண்ணை ஆடவோ பாடவோ அழைப்பீர்கள். "சாப்பிட்டாயா அம்மா?" என்று முதலில் கேளுங்கள். தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் ஓர் உறையையும் வையுங்கள். சுண்டல் அப்புறம் இருக்கட்டும்!