காற்று வள்ளமும் களனி கங்கையும்

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் கட்டாரிலிருந்து வந்த சாச்சாவின் பெட்டியொன்றில், சொக்லேட்டுகளுக்கும் சவர்க்காரக் கட்டிகளுக்கும் கீழே ஒரு வள்ளம் இருந்தது. மடித்து வைத்த படுக்கை விரிப்பு போலத்தான் தெரிந்தது. முற்றத்தில் விரித்துக் கால் பம்பினால் பதினைந்து நிமிடம் மிதித்ததும், இருவர் அமரக்கூடிய மஞ்சள் நிற வள்ளமாக எழுந்து நின்றது. தம்பி அதற்குள் ஏறியிருந்து புல்லின் மேல் துடுப்பு வலித்தான்.

அன்றிரவே திட்டம் தயாராகிவிட்டது. கித்துல்கலைக்குப் போவோம், அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் படகேறுவதை விட எங்கள் வள்ளத்திலேயே ஆற்றில் இறங்குவோம் என்றார் சாச்சா. "அங்க எல்லாரும் போறதும் காத்தடிச்ச படகுலதானே நானா?" என்று வாப்பாவிடம் கேட்டார். உம்மா வேண்டாம் என்றார். வாப்பா இரண்டு பக்கமும் சேராமல் என்னைப் பார்த்தார். "மகள், நீங்கதானே பௌதிகவியல் படிக்கிறீங்க. பார்த்துச் சொல்லுங்க. சரியென்டு வந்தா போவோம்."

உயர்தரப் பரீட்சையில்கூட எனக்கு இப்படியொரு வினா வராது. என் விடை பிழைத்தால் தம்பிதான் தண்ணீரில் இருப்பான்.

சாச்சா கேட்டதில் உண்மை இருந்தது. மாவனல்லையில் இருக்கும் எங்களுக்குக் கித்துல்கலை தூரத்து ஊரல்ல, அதுவும் எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே இருக்கிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி, மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் பாறைகளில் மோதி நுரைக்கும் இடம் அது. 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற திரைப்படத்தின் பாலம் வெடிக்கும் காட்சியை எடுத்ததும் அங்கேதான். இப்படி நுரைத்தோடும் ஆற்றை ஆங்கிலத்தில் 'வைட் வோட்டர்' என்பார்கள். அதன் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். முதலாம் தரம் மெல்லிய சலசலப்பு. ஆறாம் தரம் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லாதது. கித்துல்கலையின் விரைவோட்டங்கள் பெரும்பாலும் இரண்டும் மூன்றும் என்கிறார்கள். ஆனால் மழை பெய்தாலும், மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் தண்ணீரைத் திறந்தாலும் அதே இடம் வேறு இடமாகிவிடும்.

அங்கே ஓடுபவை காற்றடைத்த படகுகள்தாம். அதற்குக் காரணம் உண்டு. கடினமான பிளாஸ்ரிக்கால் அல்லது பைபரால் செய்த ஒடுங்கிய வள்ளம் பாறையில் மோதினால் அந்த அடி முழுவதும் வள்ளத்துக்கும் அதில் இருப்பவருக்கும் போகும். காற்றடைத்த படகு மோதும்போது உள்ளே அமுங்கிப் பின்பு துள்ளி விலகுகிறது. அகலமாக இருப்பதால் எளிதில் கவிழாது. காற்றறைகள் பெரியவை என்பதால், அது தண்ணீரில் முழுதாக அமிழ வேண்டுமானால் மிகப் பெருமளவு நீரை இடம்பெயர்க்க வேண்டும். ஆக்கிமிடீசின் தத்துவப்படி அந்த நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்பு அதைத் தூக்கும். கவிழ்ந்தாலும் அதில் இருப்பவர் சும்மா வெளியே விழுகிறார். கடின கயாக்கிலோ இடுப்பைச் சுற்றி நீர்புகாத் துணியொன்றை இறுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கவிழ்ந்தால் இடுப்பையும் துடுப்பையும் வெட்டித் திருப்பி நிமிரத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையேல் தலைகீழாக இருந்தபடியே அந்தத் துணியைக் கழற்றி வெளியேற வேண்டும். நீச்சலே சரியாகத் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு எது பொருத்தம் என்று சொல்லத் தேவையில்லை.

தூக்கிச் செல்வதும் இலகு. காற்றை வெளியேற்றிவிட்டால் பஸ்ஸிலும் கொண்டுபோகலாம். மனிதர் இந்த வசதிக்கு ஆசைப்பட்டது நேற்று இன்றல்ல. 1840களில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி பீற்றர் ஹல்கெற் ஒரு வள்ளத்தையே மேலங்கியாகத் தைத்தார். போட்டுக்கொண்டு நடக்கலாம், ஆறு வந்தால் கழற்றி ஊதி ஏறலாம். கைத்தடி துடுப்பாகும், குடை பாயாகும். வேடிக்கையாகத் தோன்றினாலும், ஜோன் றே என்ற ஆய்வுப் பயணி 1846இல் வட கனடாப் பயணத்துக்கு அதை எடுத்துச்சென்று பயன்படுத்தினார். 1842இல் அமெரிக்காவில் ஜோன் ஃபிரமொன்ற் என்பவரின் குழு பிளற் ஆற்றில் ஓர் இறப்பர் வள்ளத்தோடு இறங்கியது. முதல் சில பாய்ச்சல்களை அது அழகாகத் தாண்டியது. அதனால் வந்த துணிச்சலில் தொடர்ந்து போய், கடைசியில் கவிழ்ந்து கருவிகளையும் குறிப்புகளையும் ஆற்றில் விட்டார்கள். இதை நான் சாச்சாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் முதல் பாதியை மட்டுமே கேட்டார்.

இனி குறைகள். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன்.

முதலாவது, உள்ளே வரும் நீர். அலையொன்று வள்ளத்துக்குள் 150 இலீற்றர் நீரைக் கொட்டினால் 150 கிலோகிராம் திணிவு கூடுகிறது. அதாவது இரண்டு பெரியவர்கள் இலவசமாக ஏறிவிட்டார்கள், அதுவும் ஓரிடத்தில் இருக்காமல் இங்குமங்கும் ஓடுபவர்கள். பிறகு அந்த வள்ளத்தைத் திருப்பவே முடியாது. ஆற்றுக்கென்று செய்த படகுகளில் இதற்கு வழி உண்டு. தரையையும் தனிக் காற்றறையாக்கி நீர்மட்டத்துக்கு மேலே நிற்கவைத்து, ஓரங்களில் துளைகள் விடுகிறார்கள். வந்த நீர் தானாகவே வெளியேறும். எங்கள் மஞ்சள் வள்ளத்தில் அப்படி எதுவும் இல்லை.

இரண்டாவது, அது இலேசாக இருப்பதே வினையாகும் இடம். பாறையொன்றைத் தாண்டி விழும் நீர் அடிக்குப் போய், மேற்பரப்பில் பின்னோக்கிச் சுருண்டு திரும்பும். இதைக் 'குழி' என்கிறார்கள். பாரமான படகு வேகத்தோடு அதைக் கடந்துவிடும். வேகமில்லாத இலேசான காற்று வள்ளத்தை அந்தச் சுருள் பிடித்து அங்கேயே வைத்து ஆட்டும், நடுவில் மடித்தும் விடும். வள்ளம் வளைந்துகொடுப்பதால் துடுப்புப் போடும் சக்தியில் ஒரு பங்கு அந்த வளைவிலேயே வீணாகிறது. கடின வள்ளம் போல விளிம்பைச் சாய்த்து வெட்டித் திரும்பவும் அதனால் இயலாது.

மூன்றாவதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை, ஏனென்றால் அது எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. கனவளவு மாறாதபோது வாயுவின் அமுக்கம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமன். ஆற்றுப் படகொன்றின் காற்றறையில் வளிமண்டல அமுக்கத்தை விடச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2.5 இறாத்தல் கூடுதலாக இருக்கும் என்று வைப்போம். வளிமண்டலத்தின் 14.7 ஐயும் சேர்த்தால் 17.2. வெயிலில் 55 பாகை செல்சியசில் இருக்கும்போது அடித்த காற்று, 25 பாகை ஆற்று நீரில் குளிர்ந்தால், 17.2 ஐ 298 ஆல் பெருக்கி 328 ஆல் வகுக்க 15.6 வருகிறது. வளிமண்டலத்தைக் கழித்தால் 0.9 மட்டுமே மிச்சம். கரையில் கல்லைப்போல் இருந்த படகு ஆற்றில் தொளதொளவென்று ஆகிவிடும். எனவே நீரில் சற்று நேரம் வைத்துவிட்டு மறுபடி காற்றடிக்க வேண்டும். ஆற்றில் அடித்த படகைக் கரையேற்றி வெயிலில் போட்டால் மறுவளமாக 2.5 என்பது 4 ஐத் தாண்டும், தையல் விடும். வாப்பா இந்தக் கணக்கை இரண்டு முறை செய்து பார்த்தார். கடைக்கு வெளியே வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் ரயர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதி முடித்தும் என்னால் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல முடியவில்லை. கித்துல்கலைப் படகுக்கும் இந்தக் குறைகளில் பாதி உண்டே. அதனால் ஒரு சனிக்கிழமை நானும் வாப்பாவும் சாச்சாவும் வள்ளத்தை மடித்து வானில் போட்டுக்கொண்டு நேரே போனோம்.

ஆற்றங்கரையில் ஒரு வழிகாட்டி, நாற்பது வயதிருக்கும், படகுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வாப்பா சிங்களத்தில் விடயத்தைச் சொன்னார். அவர் எங்கள் வள்ளத்தின் ஓரத்தை இரண்டு விரல்களால் கிள்ளி வெளிச்சத்துக்குப் பிடித்தார். பின்பு தன் படகின் ஓரத்தில் தேய்ந்திருந்த ஓர் இடத்தைக் காட்டி, "நங்கி, இதுக்குள்ள என்ன தெரியுது?" என்று கேட்டார். நூல் தெரிந்தது. நெருக்கமாக நெய்த துணி. ஆற்றுப் படகு என்பது இரண்டு பக்கமும் இறப்பரோ பீ.வீ.சியோ பூசிய துணி. கூரான பாறை குத்தினால் குத்திய அளவுக்குத்தான் ஓட்டை, நெசவு அதை மேலே கிழியவிடாது. எங்கள் வள்ளமோ துணியே இல்லாத வெறும் பிளாஸ்ரிக் தாள். ஒரு கீறல் விழுந்தால் பலூனைப்போல் ஓடிக் கிழியும். அவருடைய படகில் காற்றறைகள் பல, ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். எங்களுடையதில் பக்கங்கள் இரண்டும் தரையும்தான்.

பிறகு அவர் எங்கள் வள்ளத்தைப் புரட்டி வால்வுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருந்த சிறு எழுத்துகளைச் சாச்சாவிடம் காட்டினார். அமைதியான நீரில் மட்டும் பாவிக்கவும், இது உயிர்காப்புச் சாதனம் அல்ல. ஆங்கிலம் தொடக்கம் அறபு வரை ஆறேழு மொழிகளில் இருந்தது. நான் மூன்று நாள் இரவு விழித்துத் தேடிய விடை முற்றத்திலேயே கிடந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

சாச்சாவின் பிழை எனக்கு அப்போதுதான் விளங்கியது. 'காற்றடித்த படகு' என்ற ஒரே பெயரை வைத்து இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டோம். பருத்திச் சட்டையும் கடதாசிச் சட்டையும் சட்டைதான் என்பது போல.

அடுத்த வாரம் காசு கொடுத்தே போனோம். உடையைப் பற்றி உம்மாவுக்கு இருந்த கவலையை இங்கே எழுதுவது மற்ற உம்மாமாருக்கும் உதவும். தொளதொளப்பான ஆடை தண்ணீரை உறிஞ்சிப் பாரமாகும், எதிலாவது சிக்கவும் கூடும். நானும் தாத்தாவும் முழுக்கை ரீசேர்ட்டும் ட்ரக் சூட்டும் அணிந்து, ஊசி குத்தாத சிறிய ஸ்கார்ப்பை இறுக்கிக் கட்டி அதன்மேல் தலைக்கவசம் போட்டோம். உயிர்காப்பு அங்கியைத் தோளில் பிடித்து வழிகாட்டி மேலே இழுத்துப் பார்த்தார். காதுவரை ஏறி வந்தால் அது தளர்வு என்று அர்த்தம், இன்னும் இறுக்க வேண்டும். மூன்றாவது விரைவோட்டத்தில் படகு பாறையொன்றில் பக்கவாட்டாக மோதி அமுங்கித் துள்ளியது. அந்தத் துள்ளலில் தம்பி வெளியே போய்விட்டான். உம்மா கரையில் இருந்ததால் அதைக் காணவில்லை. சொன்னபடி கால்களை ஆற்றோட்டத்தின் பக்கம் நீட்டி மல்லாந்து மிதந்தான். வழிகாட்டி அவனுடைய அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து ஒரே இழுவையில் உள்ளே போட்டார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. படகுக்குள் விழுந்த நீரெல்லாம் அதற்குள் துளைகள் வழியே போய்விட்டிருந்தது. அதை மஞ்சள் வள்ளத்தில் வைத்து நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. சாச்சாவும் வீடு வரும்வரை அதிகம் பேசவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 'அமைதியான நீர்' என்று எழுதியிருந்ததல்லவா? உம்மாவின் ஊரான கற்பிட்டிக்குப் போனபோது வள்ளமும் வந்தது. களப்பில் அலையே இல்லை, முழங்காலளவு நீர், எல்லோருக்கும் சம்மதம். சாச்சாவும் தம்பியும் உயிர்காப்பு அங்கியோடு ஏறினார்கள். ஆகஸ்டில் அங்கே தென்மேற்குக் காற்று ஓயாது. தீபகற்பத்தைக் கடந்து களப்பை நோக்கி, அதாவது கரையிலிருந்து வெளியே வீசும். கரையோரத்து நீர் அமைதியாகத் தெரிவதும் அதனால்தான். காற்று வள்ளம் நீருக்குள் குறைவாகவும் நீருக்கு மேலே அதிகமாகவும் இருக்கும் பொருள், பாய் விரித்தது போல. ஐந்து நிமிடத்தில் அவர்கள் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துப் போனார்கள். இருவரும் கரையை நோக்கி வலித்துக்கொண்டே தூரப் போனார்கள். கடைசியில் பைபர் படகில் வந்த மீனவர் ஒருவர் கயிறு போட்டு இழுத்து வந்தார். கரையில் இறங்கியதும் அவர் வள்ளத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பட்டம் தம்பி, வள்ளமில்ல" என்றார்.

ஆற்றைப் பற்றி அத்தனை கணக்குப் போட்ட நான் காற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. வாப்பா அதைச் சொல்லிக்காட்டவில்லை, நான்தான் கொப்பியை எடுத்து நான்காவது குறையாக எழுதிவைத்தேன். ஐந்தாவது டிசம்பரில் கிடைத்தது. கற்பிட்டி உப்புநீரோடு ஈரமாக மடித்து வைத்த வள்ளத்தைத் திறந்தபோது மடிப்புகளில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. சவர்க்கார நீர் பூசிப் பார்த்ததில் தையலோரம் ஓரிடத்தில் குமிழி வந்தது. தம்பி சைக்கிள் ரியூப் ஒட்டும் பசையால் ஒட்டினான். இறப்பருக்கான பசை இந்தப் பிளாஸ்ரிக்கில் பிடிக்காது, மறுநாளே உரிந்துவிட்டது. சாச்சாவிடம் கேட்டதற்கு, அடுத்த முறை வரும்போது சரியான பசை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.