முயலுக்கும் வேண்டும் ஒரு துணை

குழந்தைகளின் பிடிவாதத்திற்கு இணங்கிச் சந்தையிலிருந்து இரண்டு முயல் குட்டிகளை வாங்கி வரும் இல்லங்கள் நம்மிடையே பல உள்ளன. பஞ்சுருண்டை போன்ற அவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்குவதைக் கண்டு வீடே மகிழ்கிறது. குட்டிகள் மூன்று நான்கு மாத வயதை எட்டும்போது நிலைமை மாறுகிறது. ஒரு நாள் காலையில் கூண்டுக்குள் மயிர்க்கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றின் காது கிழிந்திருக்கிறது. மற்றொன்று மூலையில் ஒடுங்கி நிற்கிறது. வேறு சில வீடுகளிலோ, "இரண்டும் பெண்தான்" என்று விற்றவர் கூறிய சொல் பொய்த்து, கண் திறவாத குட்டிகள் வைக்கோலுக்குள் நெளிகின்றன. நேற்று வரை நட்பாயிருந்தவை இன்று ஏன் பகைத்தன என்று பிள்ளைகள் கேட்கும்போது விடை கூறப் பெற்றோர் தடுமாறுகின்றனர்.

இதற்கு விடை காண, முயலின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். நம் வயல்வெளிகளில் துள்ளி ஓடும் காட்டு முயல் வேறு. வீட்டில் வளரும் முயல் வேறு. நம் நாட்டுக் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. பெரும்பாலும் தனித்தே வாழ்வது. அதன் குட்டி, உடலில் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ஆகவே அதைப் பிடித்து வளர்த்தல் குற்றமாகும். வளர்ப்பு முயலின் முன்னோரோ ஸ்பெயின், போர்த்துக்கல், தென் பிரான்சு ஆகிய பகுதிகளில் மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. அவற்றின் குட்டிகள் மயிரின்றி, கண் மூடிய நிலையில் பிறப்பவை.

ரொனால்ட் லாக்லி என்னும் இயற்கை ஆய்வாளர், வேல்ஸ் நாட்டின் ஓரியல்டன் என்னுமிடத்தில் வேலியிட்ட நிலங்களில் இம்முயல்களின் வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்தார். தாம் கண்டவற்றை 1964-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் தலைமை ஆண் ஒன்றும் தலைமைப் பெண் ஒன்றும் உண்டு. ஏனையவை தத்தம் படிநிலையில் அமைந்து வாழ்கின்றன. எல்லைக்குள் புகும் அயல் முயல் விரட்டப்படுகிறது. இவ்விரு உண்மைகளும் நமக்குப் போதும். முயல் துணையின்றி வாடும் உயிர். ஆயினும் அறிமுகமில்லாத முயலைத் தன் இடத்தில் பொறுத்துக் கொள்ளாத உயிர். இரண்டையும் நினைவிற்கொண்டு செயற்படுவோரே முயல்களை இணைப்பதில் வெற்றி பெறுவர்.

முதற்படி: மருத்துவரிடம் செல்லுதல்

இரு முயல்களையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஆணா பெண்ணா என்பதை உறுதி செய்துகொள்க. பருவமெய்திய முயல்களிடையே சண்டைக்குப் பெருங்காரணம் இனப்பெருக்க உணர்ச்சியே. அறுவை செய்யப்படாத இரு ஆண்கள் ஒன்றையொன்று கடுமையாகக் காயப்படுத்தும். ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பின் முப்பத்தொரு நாளளவில் குட்டிகள் பிறக்கும். ஈன்ற அன்றே தாய் மீண்டும் கருவுறக் கூடும். ஆதலின் இரண்டுக்கும் கருத்தடை அறுவை செய்வித்தல் நன்று. அறுவை செய்யப்படாத பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதும் இதற்கு மற்றொரு காரணம்.

முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரையே நாடுக. நாய்க்குச் செய்வதுபோல் அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடலாகாது. முயலால் வாந்தியெடுக்க இயலாது. உணவு நின்றால் அதன் குடலும் இயங்காது நின்றுவிடும். அறுவைக்குப் பின்னும் ஆண் முயல் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை கருவுறச் செய்யும் ஆற்றலுடையதாயிருக்கலாம். அதுவரை தனியே வைத்தல் அவசியம். அறுவை செய்யப்பட்ட ஓர் ஆணும் ஒரு பெண்ணுமே எளிதில் இணங்கும் இணை என்பது முயல் வளர்ப்போரின் பொதுவான அனுபவம்.

இரண்டாம் படி: மணத்தால் அறிமுகம்

காத்திருக்கும் இவ்வாரங்களை வீணாக்க வேண்டியதில்லை. இரு கூண்டுகளையும் அருகருகே, கம்பி வழியே கடிக்க இயலாதபடி சிறிது இடைவெளி விட்டு வைக்க. முயலின் மோவாயில் மணச்சுரப்பி உண்டு. தனக்குரிய பொருள்களில் மோவாயைத் தேய்த்து அது உரிமை கொண்டாடுகிறது. எனவே சில நாட்களுக்கு ஒருமுறை ஒன்றின் படுக்கை வைக்கோலை மற்றதன் கூண்டில் இடுக. பிறகு முயல்களையே கூண்டு மாற்றி விடுக. உணவுத் தட்டுகளை இரு கூண்டுகளும் நெருங்கும் பக்கத்தில் வைத்தால், ஒன்றன் அருகில் ஒன்று உண்ணும் பழக்கம் வரும். இரண்டும் கம்பியருகே அமைதியாகப் படுத்திருக்கத் தொடங்கினால் அடுத்த படிக்குக் காலம் கனிந்தது எனலாம்.

மூன்றாம் படி: பொது இடத்தில் சந்திப்பு

இரு முயல்களும் இதுவரை கால் வைத்திராத இடமே முதற்சந்திப்புக்கு ஏற்றது. வீட்டின் புழங்காத அறையோ மொட்டை மாடியின் நிழற்பகுதியோ போதும். வழுக்காதிருக்கக் கோணியோ பாயோ விரித்து, நிறையப் புல் பரப்புக. வெப்பம் முயலுக்குப் பகை. ஆகவே விடியற்காலையையோ மாலை நேரத்தையோ தேர்ந்தெடுக்க. முதல் நாள் பத்து நிமிடம் போதுமானது. பெரியவர் ஒருவர் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும். குழந்தைகள் எட்ட நின்று பார்க்கலாம்.

ஒன்று மற்றதைச் சற்றுத் துரத்துவதும், முதுகின் மேல் ஏறுவதும், சிறிது மயிரைப் பிடுங்குவதும் தலைமையை நிறுவும் வழிகள்; அவை அளவு மீறாதவரை பொறுத்திருக்க. ஆனால் காதைப் பின்மடித்து, வாலை உயர்த்தி, உறுமிக்கொண்டு பாய்ந்தாலோ, இரண்டும் வட்டமாகச் சுற்றத் தொடங்கினாலோ, உடனே இடையே தடித்த துவாலையையோ பலகையையோ நீட்டிப் பிரித்துவிடுக. வெறுங்கையை நீட்டினால் ஆழமான கடி விழும். தலைப்பக்கமாக ஏறும் முயலையும் உடனே விலக்க வேண்டும். கீழிருக்கும் முயல் அதன் மென்மையான உறுப்பைக் கடித்துவிடும்.

சிலர் இரண்டையும் ஒரே கூடையிலிட்டு வண்டியில் ஏற்றிச் சுற்றுவர். அச்சத்தால் அவை ஒட்டிக்கொள்வதை நட்பு என்று எண்ணுவர். நடுங்கும் இரு உயிர்கள் ஒண்டியிருத்தல் அன்பின் அடையாளமன்று. அச்சம் நீங்கியதும் பழைய பகை தலைதூக்கும். அதிர்ச்சியால் முயலின் குடலியக்கம் நின்று உயிருக்கே ஆபத்து நேரவும் கூடும்.

நட்பின் அடையாளங்கள்

சந்திப்பு நேரத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டுக. ஒரு முயல் தலையைத் தாழ்த்தி மற்றதன் முன் நீட்டுவதும், மற்றது அதன் நெற்றியையும் காதையும் நக்கிவிடுவதும் நல்ல அறிகுறிகள். ஒரே தட்டில் உண்டு, பக்கம் பக்கமாகக் கால் நீட்டிப் படுத்து, இரண்டு நாட்கள் இரவும் பகலும் நம் கண்காணிப்பில் சண்டையின்றிக் கழித்தபின், நன்கு கழுவிப் பொருள்களை இடம் மாற்றி அமைத்த கூண்டில் இரண்டையும் சேர்த்து விடலாம். உணவுத் தட்டும் நீர்க்கலமும் ஒளிவிடமும் இரண்டிரண்டாக இருக்கட்டும். ஒளிவிடத்திற்கு இரு வாயில்கள் வேண்டும். ஒன்றை மற்றது மூலையில் அடைக்க இயலாதிருக்கும். சில இணைகள் சில நாட்களில் இணங்கும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். எவ்வளவு முயன்றும் இணங்காதவை அருகருகே தனிக் கூண்டுகளில் வாழ்ந்தாலும், ஒன்றன் மணமும் ஓசையும் மற்றதற்குத் துணையாகும்.

இணைந்தபின் அவற்றைப் பிரித்தலாகாது. ஒன்று நோயுற்றால் மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்தே கொண்டு செல்க. தனியே சென்று மருந்து மணத்துடன் திரும்பும் முயலை மற்றது அயலானெனக் கருதித் தாக்கக் கூடும். ஒன்று இறக்க நேரின், அதன் உடலருகே மற்றதைச் சிறிது நேரம் இருக்க விடுக. துணையைத் தேடித் தேடி அலைவதை அது ஓரளவு தணிக்கும். எஞ்சிய முயல் ஒழுங்காக உண்கிறதா என்று அந்நாட்களில் கவனித்தல் கட்டாயம்.

நல்ல பராமரிப்பில் வளர்ப்பு முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். ஐந்து வயதில் அதைக் கேட்டு அழுத குழந்தை, பள்ளியிறுதி வகுப்பை எட்டும் காலம் அது. வாங்குமுன் பெற்றோர் இதை எண்ணிப் பார்ப்பது நலம். ஏற்கெனவே வாங்கியிருப்பின், சில வாரப் பொறுமையால் அவ்விரு உயிர்களுக்கும் நீண்ட காலத் தோழமையை அளிக்க இயலும். அப்பொறுமையை அருகிருந்து பார்க்கும் பிள்ளைகளும், நட்பை யாரிடமும் திணிக்க முடியாது, அதற்கு இடமும் காலமும் அளித்தல் வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வர்.