மின்சாரம் போனாலும் மறக்காத சில்லு

கணிப்பொறியில் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். சேமிப்பதற்குள் மின்சாரம் நின்றுவிடுகிறது; எழுதியது அழிந்துபோகிறது. ஆனால் பென்டிரைவில் பதித்ததைச் சட்டைப் பையில் போட்டு எங்கும் எடுத்துச் செல்லலாம். அதில் மின்கலம் கிடையாது. பின் எப்படி அது நினைவில் வைத்திருக்கிறது?

பென்டிரைவினுள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். இது கோடிக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்களால் ஆனது. ஒவ்வொன்றிலும் 'மிதக்கும் வாயில்' என்ற பகுதி உண்டு. நீர் சூழ்ந்த தீவைப் போல, மின்கடத்தாத ஆக்சைடு படலம் அதைச் சூழ்ந்திருக்கிறது. 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவன் காங், சைமன் சே ஆகிய இருவரும் இதை உருவாக்கினர். இன்றைய சில்லுகள் பலவற்றில் சிலிகான் நைட்ரைடு படலம் இவ்வேலையைச் செய்கிறது.

சுமார் 20 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் ஆக்சைடைக் கடந்து தீவுக்குள் புகுந்துவிடுகின்றன. இதற்குக் குவாண்டம் சுரங்க விளைவு என்று பெயர். மின்சாரத்தை நிறுத்தியதும் அவை வெளியேற வழியின்றிச் சிறைப்படுகின்றன. எலெக்ட்ரான்கள் நிறைந்திருந்தால் 0, இல்லாவிட்டால் 1.

ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை 1984-இல் அறிவித்தார். தகவல்கள் தொகுதி தொகுதியாக ஒரே வீச்சில் அழிவது புகைப்படக் கருவியின் ஃபிளாஷ் ஒளியை நினைவூட்டியதால் இப்பெயர் வந்தது.

இதில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன. 'நார்' வகையில் எந்த இடத்தையும் நேரடியாக விரைந்து படிக்கலாம். கருவிகளைத் தொடங்கிவைக்கும் கட்டளைகளுக்கு இது ஏற்றது. 1987-இல் வந்த 'நாண்ட்' வகையில் டிரான்சிஸ்டர்கள் சங்கிலிபோல் நெருக்கமாக இணைந்திருப்பதால் சிறு இடத்தில் மிகுதியாகச் சேமிக்கலாம். பென்டிரைவ், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. மூன்றிலும் இருப்பது இதுவே.

ஓர் அறையில் ஒரு பிட்டுக்குப் பதில் நான்கு பிட்டுகளையும் பதிக்கலாம். அதற்கு மின்னூட்டத்தின் 16 அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். விலை குறையும்; ஆனால் சிறிதளவு எலெக்ட்ரான்கள் கசிந்தாலும் பிழை நேரும்.

கசிவு உண்மையில் நிகழ்வதே. எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சைடு சிறிது நலிவடைகிறது. வெப்பம் கசிவை விரைவுபடுத்துகிறது. எனவே பென்டிரைவ் கல்வெட்டு அன்று! முக்கியமான பாடக் குறிப்புகளையும் புகைப்படங்களையும் வேறோர் இடத்திலும் பதித்து வையுங்கள். சில்லின் நினைவு, சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் தப்பாமல் இருக்கும் வரைதான்.