ஆட்டுவதற்குத் தொட்டில், உறங்குவதற்குக் கட்டில்

பிரிஞ்சாங்கில் இரவு மணி இரண்டு. தேயிலைச் சரிவுகளை மூடிய பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடியில் நீராக வழிகிறது. வெளியே 15 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். உள்ளே, குழந்தைக் கட்டிலில் கிடக்கும் மூன்று மாதப் பிள்ளை முனகுகிறது, காலை உதைக்கிறது, முகத்தைச் சுளிக்கிறது. என்ன செய்வீர்கள்?

பெரும்பாலான தோட்ட வீடுகளில் நடப்பது இதுதான்: பிள்ளையைத் தூக்கிக் கைலித் தொட்டிலில் போடுவோம், மேலே இன்னொரு போர்வை போர்த்துவோம், கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிடுவோம். எல்லாமே அன்பினால் செய்வதுதான். ஆனால் மூன்றிலும் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. பிள்ளை உண்மையில் விழித்துக்கொண்டதா?

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். அதில் ஏறக்குறைய பாதி, உடல் அசைந்துகொண்டே இருக்கும் உறக்கம். மூடிய இமைக்குள் விழிகள் ஓடும். உதடு சிரிக்கும், உடனே அழுவதுபோல் கோணும். மூச்சு ஒரு கணம் வேகமெடுக்கும், மறுகணம் நிதானிக்கும். கனவில் நரி வந்து மிரட்டுகிறது என்று நம் பாட்டிமார் சொல்வது இந்த நிலையைத்தான். பெரியவர்களுக்கு உறக்கத்தின் ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடமே. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அது அரைவிழிப்புக்கு வந்து, பல நேரம் தானாகவே மீண்டும் உறங்கிப்போகும். முனகல் கேட்டதுமே தூக்கினால், உறங்கும் பிள்ளையை நாமே எழுப்பிவிடுகிறோம். ஓரிரு நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள். அதன்பின்னும் அழுதால் தூக்குங்கள்.

தூக்கி ஆட்டினால் அழுகை அடங்குவது ஏன்? உடல் அசைவதை உணரும் உறுப்பு உள்காதில் இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது உருவாகிவிடுவதால், அம்மா நடக்கும் அசைவு பிள்ளைக்குப் பிறக்கும் முன்பே பழக்கம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2013-இல் இதை அளந்து காட்டியது. தாய் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் குழந்தையின் இதயத் துடிப்பு சில நொடிகளிலேயே குறைந்தது. எலிக்குஞ்சைத் தாய் கவ்வித் தூக்கும்போதும் அப்படியே. பெரியவர்களும் விதிவிலக்கல்ல. 2011-இல் ஜெனீவாவில், நான்கு நொடிக்கு ஓர் ஆட்டம் வீதம் மெதுவாக ஆடும் படுக்கையில் கிடந்தவர்கள், ஆடாத படுக்கையில் கிடந்ததைவிட விரைவாக உறங்கினார்கள்.

ஆக, தொட்டில் மூடநம்பிக்கை அல்ல. அது எப்படி ஆடுகிறது என்பதிலும் நல்ல இயற்பியல் இருக்கிறது. உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஏணை ஓர் ஊசல். கயிற்றின் நீளம் 2 மீட்டர் என்றால் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 3 நொடி ஆகும். பிள்ளையின் எடை கூடினாலும் அது மாறாது. நம் வீடுகளில் இப்போது அதிகம் இருப்பது மேலும் கீழும் குதிக்கும் ஸ்பிரிங் தொட்டில். அதன் கணக்கு வேறு. பிள்ளையின் எடைக்கு ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் நீண்டால் ஓர் ஆட்டத்துக்கு 1 நொடி. பிள்ளை வளர வளர ஸ்பிரிங் மேலும் நீளும், ஆட்டம் நிதானமாகும், தொட்டில் தரையை நெருங்கும். (பள்ளியில் ஊசல் பாடம் நடத்திய ஆசிரியர் ஒரு தொட்டிலைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் எனக்கு அன்றே புரிந்திருக்கும்.)

சிக்கல் ஆட்டத்தில் இல்லை, பிள்ளை உறங்கிய பிறகுதான் வருகிறது. துணி குழிவதால் முதுகு வில்லாக வளைகிறது. கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால்பங்கு. அதைத் தாங்கும் அளவுக்குக் கழுத்துத் தசைக்கு வலு இல்லாததால் தாடை மார்பில் போய் ஒட்டுகிறது. இந்த வயதில் மூச்சுக்குழாய் மென்மையானது, குறுகலானது. தலை முன்னால் மடங்கினால் அது இன்னும் குறுகும். இரு பக்கமும் துணி மூடியிருப்பதால், உருண்டு முகம் துணியில் புதைந்தால் விட்ட மூச்சையே மீண்டும் இழுக்க நேரிடும். சத்தம் வராது. பக்கத்தில் உறங்கும் உங்களுக்குத் தெரியாது. சாய்ந்த, வளைந்த படுக்கைகளை மருத்துவர்கள் எதிர்ப்பது இதனால்தான். அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்வான குழந்தைப் படுக்கைகளை விற்பதற்கு 2022-இல் சட்டமே தடை போட்டது.

நானும் கைலித் தொட்டிலில் வளர்ந்தவன்தான். ஆயாக் கொட்டகைகளில் வரிசையாகத் தொங்கிய தொட்டில்களில் ஒரு தலைமுறையே உறங்கி எழுந்தது. அதனால் தொட்டிலைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. ஆட்டுவதற்கு அது இருக்கட்டும், கண்முன்னே, நீங்கள் விழித்திருக்கும்போது. பிரிஞ்சாங்கின் ஈரக்காற்றில் கொக்கியும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும் என்பதால் வாரம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தரைக்கு நெருக்கமாகக் கட்டுங்கள், கீழே மெத்தை போடுங்கள். பிள்ளை புரளத் தொடங்கிவிட்டால் தொட்டில் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறங்க வேண்டிய இடம் சமதளமான, கெட்டியான மெத்தை போட்ட கட்டில். அதில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், பகல் உறக்கமானாலும் சரி. "மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் போய்விடாதா?" என்று கேட்காத பாட்டி இல்லை. உடலமைப்பு இதற்கு நேர்மாறானது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மேல்நோக்கி ஏறி மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறப் படுத்தால்தான் மூச்சுக்குழாய் கீழே வருகிறது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி இயக்கம் தொடங்கினார்கள். காரணம் தெரியாமல் உறக்கத்திலேயே குழந்தை இறப்பது அமெரிக்காவில் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. புது மருந்து, புது கருவி எதுவும் வரவில்லை. படுக்க வைக்கும் விதம்தான் மாறியது.

கட்டிலுக்குள் பிள்ளையைத் தவிர வேறொன்றும் வேண்டாம். தலையணை, கடுகுத் தலையணை, பொம்மை, ஓரத்தில் கட்டும் பஞ்சுத் தடுப்பு எல்லாம் வெளியே. கண்ணேறு படாமலிருக்கக் கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிற்றையும் சங்கிலியையும் உறங்கும்போது கழற்றிவிடுங்கள். அவை எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். தோட்டத்தில் ஒரு கட்டில் நான்கு வீடு சுற்றி வரும், அதனால் வாங்கியதும் சோதியுங்கள். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு குளிர்பான டின் நுழைந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். உடல் நழுவி வெளியே போய், தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் கீழே இறங்கும் பழைய வகைக் கட்டில்கள் கழன்று விழுந்து குழந்தைகள் இறந்ததால், 2011-இல் அமெரிக்கா அவற்றின் விற்பனையை நிறுத்தியது.

"அதெல்லாம் சரி, இந்தக் குளிரில் போர்வை இல்லாமலா?" என்பீர்கள். பிரிட்டனில் குழந்தை உறங்கும் அறைக்குப் பரிந்துரைக்கும் வெப்பநிலை 16 முதல் 20 டிகிரி. அதாவது, நாம் அஞ்சும் பிரிஞ்சாங் இரவு, கதவைச் சாத்திய அறைக்குள், அவர்கள் தேடும் வெப்பநிலைக்கு அருகில்தான் இருக்கிறது! கைக்குழந்தை நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது. தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துச் சூடாகிறது. அளவுக்கு மிஞ்சிய சூட்டைப் பெரும்பாலும் தலை வழியாக வெளியேற்றுகிறது. குல்லாவும் கனத்த போர்வையும் அந்த வழியை அடைத்துவிடும். சூடு மிஞ்சுவதும் உறக்க மரணத்தின் அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று. முகத்தின் மேல் ஏறும் போர்வையோ இரட்டை ஆபத்து.

அந்த அறையில் உங்களுக்கு எத்தனை அடுக்குத் துணி போதுமோ அதைவிட ஒன்று கூடுதலாகப் பிள்ளைக்குப் போடுங்கள். முழுக்கை உடை, காலுறை, அதன்மேல் கை நுழைக்கும் துளையுள்ள உறக்கப் பை. பை கழுத்தருகே தளர்ந்திருக்கக் கூடாது. கையும் காலும் சில்லென்று இருப்பது இயல்பு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியிலோ மார்பிலோ தொட்டுப் பாருங்கள். வியர்வை தட்டுப்பட்டால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். துணியால் இறுகச் சுற்றும் வழக்கம் இருந்தால், புரள முயலும் நாளோடு அதை நிறுத்துங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சாம்பிராணிப் புகையும், வீட்டுக்குள் பிடிக்கும் சிகரெட்டும் அந்தச் சிறு நுரையீரலுக்கு ஆகாதவை.

மீண்டும் அந்த இரண்டு மணிக்கு வருவோம். காத்திருந்து பார்த்தீர்கள், அழுகை நிற்கவில்லை. பசியில்லை, அரைத்துணி நனையவில்லை. குரோடாவின் குழு 2022-இல் சொன்ன முறையை முயலுங்கள். மார்போடு அணைத்து, திடீரென நிற்காமல் திரும்பாமல், 5 நிமிடம் நடங்கள். உறங்கியதும் உடனே கிடத்தாதீர்கள். உட்கார்ந்து 5 முதல் 8 நிமிடம் அப்படியே வைத்திருங்கள். நம் உடலிலிருந்து பிரியும் அந்தக் கணத்தில்தான் பிள்ளைகள் விழிக்கின்றன. உறக்கம் ஆழமானால் அது குறையும். பிறகு மல்லாக்கக் கட்டிலில் விடுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் இது பலிக்காது. அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும், பல நாள் உங்களை உலுக்கி எடுக்கும். பொறுமை தீர்ந்துவிட்டதாகத் தோன்றினால் பிள்ளையைக் கட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, சில நிமிடம் அறைக்கு வெளியே நில்லுங்கள். அழும் குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். ஆனால் மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது நேராகத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.