மூட்டையும் முதுகும்

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. கூடத்தில் காப்பியும் பத்திரிகையுமாக நான் சுகமாக உட்கார்ந்திருந்தபோது என் தங்கை வந்து சேர்ந்தாள். குடையை மடக்குவதற்குள்ளேயே பிராது ஆரம்பமாகிவிட்டது.

"அண்ணே, உங்க மருமகன் பனி மலைக்குப் போறானாம். இந்த லீவுக்கு. நீங்களே என்னன்னு கேளுங்க."

மருமகன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். அவனும் மூன்று சிநேகிதர்களுமாக உத்தராகண்டத்தில் இருக்கும் கேதார்காந்தா என்கிற சிகரத்துக்கு, முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, நாலைந்து நாள் பனியில் நடந்து ஏறுவதாக உத்தேசம். உயரம் 12,500 அடி. கைபேசியில் படம் காட்டினான். படத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கரடி மாதிரி உடை அணிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை, இதுவரை நீ ஒரே மூச்சாக எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

யோசித்தான். "பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும், மாமா."

அது இரண்டு கிலோமீட்டர்.

ஆசை தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த வயசில் ஆசை வராவிட்டால்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆனால் தன் மூட்டை எவ்வளவு கனக்கும், தன் கால் எங்கே கொப்பளிக்கும், நாலு நாள் சேர்ந்தாற்போல் நடந்தால் சிநேகிதன் எப்போது எரிந்து விழுவான் என்பதையெல்லாம் பனி மலையில் போய்த்தானா தெரிந்துகொள்ள வேண்டும்? வீட்டு வாசலிலேயே மலை இருக்கிறதே! நார்த்தாமலை இருக்கிறது, சித்தன்னவாசல் இருக்கிறது, குடுமியான்மலை, விராலிமலை. எல்லாம் புதுக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள்.

"இந்த லீவுக்கு இங்கே ஐந்து நாள் நடந்து காட்டு. அடுத்த வருஷம் பனி மலைக்கு நானே டிக்கெட் வாங்கித் தருகிறேன்" என்றேன்.

மருமகன் முகம் விழுந்துவிட்டது. பள்ளிக்கூட உல்லாசப் பயணத்தில் பார்த்த இடங்கள்தானே! பஸ்ஸில் போய்ப் பார்ப்பதும் மூட்டையோடு நடந்து போய்ச் சேருவதும் ஒன்றா? சொன்னால் நம்பமாட்டான். காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தேன்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். இந்தப் பக்கத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். புயல் வருவதும் அப்போதுதான். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்ததை இந்த ஜில்லாவில் யாரும் மறக்கவில்லை. டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் மழை ஓய்ந்துவிடும். பகலில் 28, 29 டிகிரி, விடியற்காலையில் 20 டிகிரி சுமாருக்கு இருக்கும். கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், வயலெல்லாம் பச்சை. இதே வழியில் சித்திரை, வைகாசியில் நடந்தால் பாறைச் சூடு செருப்பைத் தாண்டிச் சுடும். மார்கழியில் இன்னொரு சௌகரியம், அலாரம் வேண்டியதில்லை. விடியற்காலையிலேயே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். பொங்கல் பிரசாதமும் கிடைக்கலாம்.

சித்திரைச் சூட்டில் நடந்து கஷ்டப்பட்டவர்கள் யார் என்று கேட்டால், கோவலனும் கண்ணகியுந்தான். சிலப்பதிகாரத்தில் அவர்கள் உறையூரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டது வேனிலில். வெயில் தாங்காமல் பிறகு இரவிலே நடக்கிறார்கள். வழியில் மாங்காட்டு மறையவர் ஒருவர் எதிர்ப்படுகிறார். கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை மூன்றாகப் பிரிகிறது, வலது வழியில் போனால் என்ன இருக்கிறது, இடது வழியில் என்ன, நடு வழியில் என்ன ஆபத்து என்று அவர் விவரமாகச் சொல்கிறார். தண்ணீர் எங்கே, மலை எங்கே, பயம் எங்கே என்று இவ்வளவு பொறுப்பாக வழி சொன்ன மனிதரை நான் வேறு புத்தகத்தில் கண்டதில்லை. அந்தக் கொடும்பாளூரில்தான் எங்கள் நடையை முடிப்பது என்று எழுதினேன். மருமகன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

முதல் நாள் பஸ்ஸில் நார்த்தாமலை, சுமார் 17 கிலோமீட்டர். மூட்டையைத் தூக்கிப் பழக வேண்டும், ஆகையால் அன்று மலை மட்டுமே. மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம் இருக்கிறது. மேற்குப் பார்த்த கோயில், வட்டமான சிகரம், சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் சாத்தன் பூதி என்கிற முத்தரையர் கட்டினார். மழையில் இடிந்துபோகவே மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. எதிரே பாறையில் குடைந்த குகைக்குள் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள், ஒரே அச்சில் வார்த்தாற்போல. சாயங்கால வெயில் அந்தக் கோயிலின் மேல் விழும் நேரம் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் நான் ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டேன். அந்தக் கதை பிறகு.

இரண்டாம் நாள் கிராமச் சாலைகளில் சித்தன்னவாசலுக்கு நடை. சுமார் 12 கிலோமீட்டர். அங்கே அறிவர் கோயில் ஓவியத்தைப் பஸ் கூட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். தாமரைத் தடாகமும் அதில் யானையும் மீனும் பூப்பறிக்கும் ஆட்களும் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் நடந்து வந்தவன் பார்க்க வேண்டியது மலையின் மேலே கிழக்குப் பக்கம் இருக்கிற ஏழடிப்பட்டம். இயற்கையான குகை. அதில் சமண முனிவர்களுக்காக வழுவழுவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள், கல்லிலேயே தலையணை. ஒரு படுக்கையின் பக்கத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழி எழுத்து. எருமை நாட்டில் பிறந்த ஒருவருக்காகச் செய்துகொடுத்த இருக்கை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். எருமை நாடு என்பது மைசூர்ப் பக்கமாம். அவ்வளவு தூரம் அந்த மனிதர் எதில் வந்திருப்பார்? நடந்துதான்! அவருடைய மூட்டை எவ்வளவு கனத்தது என்று மட்டும் கல்வெட்டில் இல்லை.

இரவு அன்னவாசல். மூன்றாம் நாள் குடுமியான்மலை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் கிரந்த எழுத்தில் ஏழு ராகங்களுக்குச் சுர வரிசை வெட்டியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சங்கீதம் தெரியாத எனக்கே அதன் முன்னால் நின்றால் வாய் மூடிக்கொள்ளும். நாலாம் நாள் இலுப்பூர், சுமார் 15 கிலோமீட்டர், நடப்பதற்கு மட்டுமான நாள். ஐந்தாம் நாள் விராலிமலையில் முருகனையும் மயில்களையும் பார்த்துவிட்டு, இன்னும் ஆறேழு கிலோமீட்டர் நடந்தால் கொடும்பாளூர் மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவர் தமக்கும் இரண்டு மனைவியருக்குமாக மூன்று கோயில் கட்டினார். இரண்டுதான் இன்று நிற்கின்றன. பொன்னியின் செல்வனில் வரும் வானதியின் ஊர் இதுதான் என்றேன். அதுவரை வாய் திறக்காமலிருந்த என் மனைவி, "அப்படியானால் நானும் வருகிறேன்" என்றாள்!

பிறகு மூட்டைக் கணக்கு. உடம்பின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக்கூடாது என்பது என் கட்சி. மருமகன் 57 கிலோ. ஆக ஒன்பது, ஒன்பதரை கிலோ. அடுத்த ஞாயிறன்று அவன் கட்டிக் கொண்டுவந்த பையை அரிசி நிறுக்கும் தராசில் மாட்டினோம். 14 கிலோ! கூடாரம் ஒன்று, அடுப்பு ஒன்று, ஐந்து சட்டைகள், இரண்டு கோட்டுகள். கூடாரத்தையும் அடுப்பையும் முதலில் வெளியே எடுக்கச் சொன்னேன். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் தங்க விடமாட்டார்கள், காப்புக் காட்டில் நெருப்பு மூட்டவும் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் உறவினர் வீடோ தெரிந்தவர் வீடோ முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வதே உத்தமம். மற்றபடி இரண்டு செட் துணி, ஒரு ஜமக்காளம், பனிக்கு ஒரு போர்வை, டார்ச் விளக்கு, தார்ப்பாய்த் துண்டு. புது பூட்ஸ் வாங்கியிருந்தான். புறப்படும் நாள்வரை தினம் ஒரு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னேன். காலுறைக்குள் பாதத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் கொப்பளம் குறையும்.

தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நாளைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ. ஒன்றரை லிட்டரைத் தூக்கிக்கொண்டு வழியில் நிரப்பிக்கொள்ளலாம். சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், கிராமத்துக்குக் கிராமம் டீக்கடை. மத்தியானத்துக்குப் புளிச்சோறு, நடுவில் வேர்க்கடலையும் வெல்லமும். கடலை விளையும் சீமையில் கடலைக்குப் பஞ்சமா?

இவ்வளவுக்கும் என் தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "நார்த்தாமலை வேண்டாம் அண்ணே. மத்ததெல்லாம் போகட்டும்" என்றாள்.

கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் நாலு பேர், இதே மாதம், வீட்டில் சினிமாவுக்கு என்று சொல்லிவிட்டு அந்த மலை மேல் ஏறினோம், சாயங்காலம் நாலு மணிக்கு. கையில் ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். முதல் நாள் மழை பெய்திருந்தது. பாறையில் மழைத் தண்ணீர் வழிந்து ஓடும் இடமெல்லாம் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். அது பாசி. பார்த்தால் காய்ந்தது போலத்தான் தோன்றும். அதிலே கால் வைத்த சிநேகிதன் இருபது அடி சறுக்கிக்கொண்டு போனான். கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. எங்கே இருக்கிறோம் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆடு தேடிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் குரல் கேட்டு ஏறி வந்து, அவனை முதுகில் தூக்கி இறக்கினார். நான் வீடு வந்து சேர்ந்தபோது விடிய மூன்று மணி நேரந்தான் இருந்தது. அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. வாசற்படியில், கையில் விளக்கோடு, எட்டு வயதுத் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

மருமகன் இதைக் கேட்டதில்லை. அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னிடமிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டான்.

அவன் எழுதிய காகிதம் இப்போது தங்கை வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தினமும் காலை ஆறரைக்குப் புறப்பாடு. மதியம் ஒரு மணிக்கு எந்த ஊர், ராத்திரி யார் வீடு, அந்த வீட்டு டெலிபோன் நம்பர். காலை ஒன்பதுக்கு முன் பனி ஈரம் காயாத பாறையில் ஏறுவதில்லை. நாலு மணிக்கு மேல் எந்த மலையிலும் இருப்பதில்லை. சுனைகளில் இறங்குவதில்லை. இருட்டிய பின் டார்ச் இல்லாமல் நடமாட்டமில்லை, மார்கழியில் கண்ணாடி விரியன் உலாவும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எல்லாம் செய்யாமல் 108-க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போவது. புதுக்கோட்டையில் 2017 முதல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவுக்கு டெலிபோன். ஆறரைக்குள் வராவிட்டால் மாமா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இந்தக் கடைசி வரி என்னைக் கேட்காமல் எழுதியது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை பஸ் நிலையத்தில் நாலு பையன்களும் மூட்டையோடு நின்றார்கள். சம்பிரதாயத்துக்காக மருமகனின் பையை ஒரு முறை தூக்கிப் பார்த்தேன். நேற்று ஒன்பது கிலோ இருந்தது, இன்று எப்படியும் பதினொன்று. திறந்தால் உள்ளே பெரிய எவர்சில்வர் டப்பா. பொரிவிளங்காய் உருண்டை, ஒவ்வொன்றும் கிரிக்கெட் பந்து கனம்.

"நாலு பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான் அண்ணே வைச்சேன்" என்றாள் தங்கை, நார்த்தாமலை பஸ்ஸின் பலகையைப் பார்த்துக்கொண்டே.

உருண்டைகளை நாலு பைக்கும் பங்கு பிரித்தோம். டப்பாவை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.