குதிரை ஏறிய முட்டை



ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த நாட்களில் நம் இல்லங்களின் நிலை நீங்கள் அறியாததன்று. பங்கிட்டுக் கொடுத்தது போக எஞ்சிய குர்பானி இறைச்சி குளிர்சாதனப் பெட்டியை நிறைத்திருக்கும். முதல் நாள் ஆணம், இரண்டாம் நாள் வறுவல், மூன்றாம் நாள் பிரியாணி. நான்காம் நாள் பிள்ளைகள் தட்டைப் பார்த்து, "இன்றைக்கும் கறியா, உம்மா?" என்று முகம் சுளிப்பார்கள். அந்த நான்காம் நாளுக்கென்றே ஓர் உணவை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அது தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டு வீடுகளில் சமைக்கப்படுவது.

அதன் பெயர் 'பிஸ்தெக் ஆ கபாயோ'. பீஃப் ஸ்டேக் என்னும் ஆங்கிலச் சொல்லே ஸ்பானிய மொழியில் 'பிஸ்தெக்' ஆயிற்று. 'ஆ கபாயோ' என்றால் 'குதிரை மேல்' என்று பொருள். குதிரை இறைச்சியோ என்று யாரும் அஞ்ச வேண்டா! தட்டில் கிடக்கும் மாட்டிறைச்சித் துண்டே குதிரை. அதன் முதுகில் ஏறி அமர்ந்திருக்கும் பொரித்த முட்டையே வீரன். இரண்டுக்கும் இடையே சேணம் போல் விரிந்திருப்பது 'ஓகாவ்' என்னும் தக்காளி வெங்காயத் தொக்கு. கொலம்பிய மக்கள் இதனை நண்பகலில் சோற்றுடன் உண்பர். சில வீடுகளில் இதுவே கனத்த காலை உணவு.

இந்த ஒரு தட்டில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. மாடும் குதிரையும் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டு வந்தவை. கொலம்பியாவின் கடற்கரை நகரான சாந்தா மார்த்தாவை அவர்கள் 1525ஆம் ஆண்டில் நிறுவினர். பூண்டும் சீரகமும் அரிசியும் அவர்கள் வழியே வந்தவையே. தக்காளி மட்டும் தென் அமெரிக்க மண்ணின் மகள். அங்கிருந்து ஐரோப்பியர் வழியாக உலகைச் சுற்றி நம் அடுக்களைக்கும் வந்து சேர்ந்தாள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்பானிய மொழியில் அரிசிக்கு 'அர்ரோஸ்', எண்ணெய்க்கு 'அஸெய்தே' என்று பெயர். இவை இரண்டும் அரபுச் சொற்களின் வழிவந்தவை. 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி நிலவியதன் சுவடு அம்மொழியில் இன்றும் இருக்கிறது. கொலம்பியாவிலும் நம் சமுதாயத்தவர் வாழ்கின்றனர். வெனிசுவேலா எல்லையருகே உள்ள மைக்காவோ நகரில் லெபனானிலிருந்து குடியேறிய வணிகக் குடும்பங்கள் பல உண்டு. அங்கே உமர் இப்னு அல் கத்தாப் பெயரால் 1997இல் எழுப்பப்பட்ட பள்ளிவாசல், தென் அமெரிக்காவின் பெரிய பள்ளிவாசல்களுள் ஒன்று.

இனி அடுக்களைக்குள் செல்வோம். முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். அதில்தான் பாடம் இருக்கிறது. முதன்முறை இதனைச் செய்தபோது, 'கறி வேக வேண்டுமே' என்ற நம் வழக்கமான எண்ணத்தில் கல்லின் மேல் கால் மணி நேரம் வாட்டினேன். கிடைத்தது இறைச்சியன்று, செருப்புத் தோல்! மாமியார் மரியாதைக்கு ஒரு வாய் மென்றுவிட்டு, மீதியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

காரணம் பின்னர்தான் புரிந்தது. இறைச்சி மென்மையாவதற்கு இரண்டே வழிகள். ஒன்று, மெல்லிய துண்டைக் கடுந்தீயில் சில நிமிடங்களே வாட்டி எடுப்பது. அப்போது அதன் சாறு உள்ளேயே நிற்கும். மற்றொன்று, நீர்ப்பதத்தில் நெடுநேரம் வேகவைப்பது. அப்போது தசைகளைப் பிணைத்திருக்கும் நார்ப்பொருள் கரைந்து குழையும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் சாறும் போகும், நாரும் கரையாது. நான் நின்றது அந்த நடுவில்தான்.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

எலும்பில்லாத மாட்டிறைச்சி - 600 கிராம்
பூண்டு - 6 பல்
சீரகத்தூள் - ஒன்றரைத் தேக்கரண்டி
மிளகுத்தூள் - அரைத் தேக்கரண்டி
நன்கு பழுத்த தக்காளி - அரை கிலோ
வெங்காயத்தாள் - 6 (கிடைக்காவிடில் சின்ன வெங்காயம் 15)
முட்டை - 4
மல்லித்தழை, எண்ணெய், உப்பு - தேவைக்கேற்ப

கறி வாங்கும்போது முதுகுச் சதையோ தொடையின் மென்பகுதியோ கேளுங்கள். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். ஓரிரு நாள் குளிரில் கிடந்தால் அவ்விறைப்பு தளரும். ஆகவே இந்த உணவுக்கு அன்றே அறுத்த கறியைவிட மறுநாள் கறியே மேலானது. உறைந்த குர்பானி இறைச்சியாயின், முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். உறைவு முழுதும் நீங்குமுன், கத்தி இறங்கும் பதத்தில் அரிந்தால் மெல்லிய துண்டுகள் எளிதாகக் கிடைக்கும்.

ஜவ்வை நீக்கிவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அரிய வேண்டும். இது மிக முக்கியம். நாரின் போக்கிலேயே அரிந்தால் எத்தனை பக்குவம் செய்தாலும் பல்லில் இழுக்கும். அரை சென்டிமீட்டர் கனத்தில் 4 அகன்ற துண்டுகளாக்கி, குழவியால் மெல்லத் தட்டுங்கள். 4 பல் பூண்டை நசுக்கி, ஒரு தேக்கரண்டி சீரகத்தூள், மிளகுத்தூள், உப்பு, சிறிது எண்ணெய் சேர்த்துப் பூசி, குளிரில் 2 மணி நேரம் ஊறவிடுங்கள். கொலம்பியாவில் சிலர் ஊறலில் பீர் சேர்ப்பதுண்டு. நமக்கு அது ஹராம். சுவைக்கும் அது தேவையில்லை.

அடுத்து ஓகாவ். வாணலியில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளையும் மீதிப் பூண்டையும் வதக்குங்கள். தோலுரித்து நறுக்கிய தக்காளி, மீதிச் சீரகத்தூள், உப்பு சேர்த்து, சிறு தீயில் 15 நிமிடம் கிளறுங்கள். தக்காளி கரைந்து எண்ணெய் பிரிந்து பளபளக்கும்போது மல்லித்தழை தூவி இறக்கலாம். மிளகாயும் மசாலாவும் இல்லையே என்று கை நீள வேண்டா. ஒரே ஒருமுறை அவர்கள் முறைப்படி உண்டு பாருங்கள்.

இரும்புத் தோசைக்கல்லைப் புகை வரும் வரை காயவிடுங்கள். துண்டின் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, ஒவ்வொன்றாகவே போடுங்கள். ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் போதும். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் நீர் விட்டுக்கொண்டு, வாடாமல் அவிந்துபோகும்.

'இரத்தம் வடியும் ஸ்டேக் நமக்கு ஆகுமா?' என்று சிலர் கேட்பீர்கள். அறுக்கும்போது பீறிட்டு ஓடும் இரத்தமே நமக்கு விலக்கப்பட்டது. முறைப்படி அறுத்த இறைச்சியில் கசியும் சிவந்த சாறு தசையின் நிறப்பொருள் கலந்த நீர்தான். எனினும் மனம் ஒப்பாதவர்கள் கவலைப்பட வேண்டா. கொலம்பியர் துண்டை மெல்லியதாக அரிவதால் அது உள்ளும் புறமும் வெந்துவிடுகிறது.

இறைச்சி முற்றலாக இருந்தால் இரண்டாவது வழியே உகந்தது. இருபுறமும் சிவக்க வாட்டிய துண்டுகளை ஓகாவில் இட்டு, அரைத் தம்ளர் நீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்தால் பூப்போல் ஆகிவிடும். அங்குள்ள தாய்மாரும் இவ்வாறு செய்வதுண்டு. பல் இல்லாத பெரியவர்களுக்கு இதுவே நலம்.

கடைசியாக முட்டை. எண்ணெயில் உடைத்து ஊற்றி, வெள்ளை உறைந்து மஞ்சள் இளகியிருக்கும்போதே எடுத்து, ஓகாவ் பரப்பிய இறைச்சியின் மேல் ஏற்றுங்கள். கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு மட்டும் மஞ்சளும் முழுதும் வெந்திருக்க வேண்டும். பக்கத்தில் வெண்சோறும், வாழைக்காய் வறுவலும் வையுங்கள். அவர்கள் வாழைக்காயைத் தடித்த வில்லைகளாக ஒருமுறை பொரித்து, தட்டையாக நசுக்கி, மறுமுறையும் பொரிப்பர். மொறுமொறுப்பின் இரகசியம் அதுவே.

சகோதரிகளே! இந்த உணவைச் செய்யும்போது எனக்கு விளங்கிய ஓர் உண்மையைச் சொல்லி முடிக்கிறேன். ஆணம் காத்திருக்கும், பிரியாணி காத்திருக்கும். அதனால்தான் எல்லோரும் உண்டு எழுந்த பின், ஆறிப்போனதைக் கடைசியில் உண்பது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்த முட்டை காத்திருக்காது. சில நிமிடங்களில் மஞ்சள் இறுகிவிடும், இறைச்சி விறைத்துவிடும். ஆகையால் கணவரையும் பிள்ளைகளையும் உதவிக்கு அழையுங்கள். மகன் தட்டுகளை அடுக்கட்டும். மகள் சோறு பரிமாறட்டும். இறைச்சியை நீங்கள் வாட்டுங்கள். முட்டையை அவர் பொரிக்கட்டும். நான்கு தட்டுகளும் ஒன்றாக நிரம்பிய பின், பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லோரும் ஒன்றாக அமருங்கள்.

எங்கள் வீட்டில் மாமியார் இம்முறை தட்டை வழித்து உண்டார். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி, நானும் அவர் பக்கத்தில் அமர்ந்து சுடச்சுட உண்டேன் என்பதுதான்.